அன்புச்செல்வியின் நம்பர்

அடையாற்றங்கரையில் ஓடக்கரைச் சந்து என்று ஒன்று இருந்தது. அதன் முனையில் மெயின் ரோட்டைப் பார்த்தபடி என் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் மனு என்று போர்டில் எழுதியிருக்கும். போர்டில் எழுதாத சண்டை சச்சரவு, யார் வீட்டில் யாரோடு யார் பேசவில்லை என்கிற வயிற்றெரிச்சல் எல்லாமும் என் கவுண்டர் மேல்தான் வந்து விழும். அப்துல் கரீம் என்று என் வாப்பா ஆசையாகப் பெயர் வைத்தார். ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பாய் என்றால் நான்தான்.

அன்புச்செல்வியைப் பற்றி இப்போது ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். படித்த திமிர் என்கிறார்கள். சந்து ஜனங்களை விற்றுவிட்டாள் என்று கூட ஒருத்தன் என் காதுபடச் சொன்னான். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறமும் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டட்டும்.

அவள் செல்போன் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. எப்போது பார்த்தாலும் டிங் டிங் என்று ஏதாவது செய்தி வந்துகொண்டே இருக்கும். அவளுக்கு வருவது அதில் பாதி கூட இருக்காது. சந்தில் பதினோரு குடும்பம். கேஸ் சிலிண்டர், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று பதினோரு குடும்பத்துக்கும் வருகிற செய்தி அவள் போனுக்குத்தான் வரும். மற்றவர்களிடம் போன் இல்லாமல் இல்லை. ஆனால் இன்றைக்கு இருக்கிற நம்பர் அடுத்த மாதம் இருக்காது. ஒருத்தர் போன் ஆற்றில் விழும். ஒருத்தி போனைப் புருஷன் விற்றுக் குடித்துவிடுவான். இன்னொருத்தர் ரீசார்ஜ் போடாமல் விட்டு சிம் செத்துப்போகும். காலேஜ் சேர்ந்த நாளிலிருந்து ஒரே நம்பரை மாற்றாமல் வைத்திருந்தது அன்புச்செல்வி ஒருத்திதான். அதனால் எந்த ஆபீசில் யார் போன் நம்பர் கேட்டாலும் சந்து முழுக்க அவள் நம்பரைத்தான் சொல்லும். அவளிடம் கேட்டுக்கொண்டு சொல்வார்களா என்றால், அதெல்லாம் கிடையாது. நம்ம பொண்ணு நம்பர், இதில் என்ன கேட்பது?

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் என் கடைப் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கத்துவாள்.

“மரியசெல்வம் அண்ணா, உனுக்கு சிலிண்டர் நாளைக்கு வருதாம்! ஏஞ்சல் அக்கா, புள்ளைக்கி ஊசி போட இட்டுக்கினு வரச் சொல்லி வந்துகீது!”

“ஏம்மா, இது கடையா, ரேடியோ ஸ்டேஷனா?” என்று நான் எரிந்து விழுவேன்.

“உங்க கடைக்கு விளம்பரம் பண்றேன் பாய், சந்தோசப்படுங்க” என்பாள். வாய் மட்டும் அவளுக்குக் குறைச்சலே இல்லை.

அவள் அப்பா செம்பியன் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். வேளச்சேரியில் ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்து போய்ச் சேர்ந்தார். அப்போது இவள் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். அம்மா தனபாக்கியம் காந்தி நகரில் இரண்டு வீடுகளுக்குச் சமைக்கப் போவாள். விடியக்காலம் போனால் மத்தியானம் தாண்டித்தான் வருவாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டு சுலோச்சனாவிடம் விட்டுவிட்டுப் போவாள். சுலோச்சனா மீன் விற்கிறவள். பட்டினப்பாக்கத்தில் மீன் எடுத்து இந்திரா நகர் தெருக்களில் விற்றுவிட்டு, பள்ளிக்கூடம் விடுவதற்குள் வந்துவிடுவாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அன்புச்செல்விக்கு மஞ்சள் காமாலை வந்து கிடந்தபோது ஒரு வாரம் கூடையைத் தொடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பெற்றவளுக்கு லீவு கிடைக்கவில்லை, இவள் லீவு போட்டாள். சுலோச்சனாவின் புருஷன் முனியன் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. போன மழைக்கு வெள்ளம் உள்ளே வந்தபோது அவரை ஒரு பழைய கதவின் மேல் படுக்க வைத்து ஐந்து பேர் தூக்கிக்கொண்டு வந்தோம். அவர் கண் திறந்தபடி வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்புச்செல்வி அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தாள். படித்து முடித்ததும் வேலை கிடைக்கவில்லை. என் கடை மூன்றாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வீடியோ பார்த்துப் பார்த்துப் பைதான் என்று ஏதோ கம்ப்யூட்டர் பாஷை பழகினாள். பாம்பு பெயரை ஏன் இதற்கு வைத்தார்கள் என்று கேட்டேன். ‘அது கடிக்காது பாய்’ என்றாள். பிறகு கிண்டியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் சேகரித்துக் கொடுக்கிற பட்டியல்களைச் சுத்தம் பண்ணித் தருவது அந்தக் கம்பெனியின் வேலை.

இந்த நேரத்தில்தான் ஆற்றங்கரையைக் காலி பண்ணப் போகிறார்கள், எல்லோருக்கும் ஊருக்கு வெளியே மாடி வீடு தரப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. வெயில் காலத்தில் கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு கணக்கெடுக்க வந்தார்கள். பாதியில் என்ன பழுதோ, மழை விட்டதும் மறுபடி வந்து முதலிலிருந்து எடுத்தார்கள். முதல் தடவை சுலோச்சனா வீட்டில் இருந்தாள். குடும்பத் தலைவர் என்று அவள் பெயரை எழுதிக்கொண்டார்கள். இரண்டாவது தடவை அவள் மீன் விற்கப் போயிருந்தாள், முனியன் பெயரை எழுதிக்கொண்டார்கள். ஆற்றங்கரை நெடுக இப்படித்தான். ஒரே குடும்பம் பட்டியலில் இரண்டு இடத்தில், இரண்டு பெயரில். கதவு எண் என்று ஒன்று இருந்தால்தானே அதை வைத்துக் கண்டுபிடிக்க? எங்கள் சந்தில் சுவரில் கரியால் எழுதியிருப்பதுதான் எண். அதையும் மழை அழித்துவிடும்.

அந்தப் பட்டியலைச் சுத்தம் பண்ணுகிற வேலை கைமாறிக் கைமாறி இவள் கம்பெனிக்கு வந்தது. இவளே மேனேஜர் செந்தில்குமாரிடம் போய், “எங்க ஏரியா சார், நான் பண்றேன்” என்று வாயால் கேட்டு வாங்கினாள். வேறு யாராவது ஏனோதானோ என்று பண்ணி ஒரு குடும்பத்தை விட்டுவிடக் கூடாதே என்று. அன்றைக்கு சாயங்காலம் எனக்குக் கூட பாதுஷா வாங்கி வந்தாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

“இன்னாதான் பண்ணுவ அதுல?” என்று கேட்டேன்.

“டபுள் வந்தத எடுக்கணும் பாய். செட்டுனு ஒண்ணு கீது. ஒரே பேர ரெண்டு வாட்டி அதுல போட முடியாது. லிஸ்ட்ட தூக்கி அதுல கொட்டுனா டபுள் எல்லாம் தானா பூடும். ஆனா வரிசை கலைஞ்சிடும். வரிசையும் அவங்களுக்கு வேணுமாம். அதனால நான் இன்னா பண்றேன், மேலேர்ந்து ஒண்ணொண்ணா பாத்துக்கினே வர்றேன். பாத்தாச்சுனு ஒரு பை. பைல இல்லாதது வந்தா அத எடுத்துப் புது லிஸ்ட்ல வச்சிட்டு பைலயும் போட்டுக்குவேன். பைல ஏற்கெனவே இருந்தா, தாண்டிப் போயிடுவேன். மொதல்ல வந்தது நிக்கும், பின்னால வந்தது பூடும். அவ்ளோதான்.”

“அது சரி. வேற வேற பேர்ல கீற ஆளு ஒரே ஆளுன்னு மெஷினுக்கு எப்டித் தெரியும்?”

“அதுக்குத் தெரியாது பாய். எத வச்சிப் பாக்கணும்னு நாமதான் சொல்லணும். பேரும் வயசும் சேத்துப் பாக்கலாம்னு நான் சொன்னேன். பேரே மாறிப்போய்க் கீதே, அது சரிப்படாதுன்னுட்டாரு எங்க சாரு. போன் நம்பர வச்சிப் பாருன்னாரு. ஒரு குடும்பத்துக்கு ஒரு நம்பர்தானே.”

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அவளும் பாதுஷாவைக் கடித்துக்கொண்டே தலையாட்டினாள். பதினோரு வீட்டுச் செய்தியைத் தினமும் கத்திக் கத்திச் சொல்கிறவள், அவளுக்குக் கூடத் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கான வரிகள், எல்லாம் பத்துப் பத்து இலக்கமாக ஓடுகிற எண்கள். அதில் தன் நம்பரை யார் தேடப் போகிறார்கள்? அவளைப் பொறுத்தவரை அது அவள் நம்பர். அவ்வளவுதான்.

அவள் எழுதிய புரோகிராம், கோடு என்பார்கள், ஓடியது. பட்டியல் பாதிக்கும் கீழே சுருங்கியது. போலிப் பெயரெல்லாம் போய்விட்டது என்று வேலை கொடுத்தவர்களுக்கு ஏக சந்தோஷம். செந்தில்குமார் இவளைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் பாராட்டினான்.

தை மாதம் பட்டியலை எங்கள் எதிரே இருந்த பொதுக் கழிப்பிடத்துச் சுவரில் ஒட்டினார்கள். காலையிலேயே சந்து முழுக்க அங்கே நின்றது. ஓடக்கரைச் சந்து என்கிற தலைப்பின் கீழே ஒரே ஒரு பெயர். தனபாக்கியம், கணவர் செம்பியன் (லேட்). சந்தில் முதல் வீடு அவர்களுடையது, கணக்கெடுத்தவர்கள் முதலில் போனதும் அங்கேதான்.

“பாய், கீழ வேற பேப்பர் இன்னும் ஒட்டுவாங்களா?” என்று ஏஞ்சல் கேட்டாள். மரியசெல்வத்தின் மனைவி. இடுப்பில் கைக்குழந்தை. படிக்கத் தெரிந்தவள், மூன்று தடவை மேலிருந்து கீழே படித்துவிட்டாள்.

எனக்கு என்ன தெரியும்? கவுன்சிலரைத் திட்டினார்கள், கணக்கெடுத்தவர்களைத் திட்டினார்கள். மரியசெல்வம் பேப்பரைக் கிழிக்கப் போனான், நான் பிடித்துக்கொண்டேன். ஆபீசுக்குக் கிளம்பி வந்த அன்புச்செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள். கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

“கணக்கெடுக்க வந்தப்போ யார் நம்பரக் குடுத்தீங்க?” என்றாள்.

யாருக்கும் கேள்வி புரியவில்லை.

“போன் நம்பர். யார் நம்பரச் சொன்னீங்க?”

“உன் நம்பரத்தான்” என்றாள் சுலோச்சனா. “பின்ன யார் நம்பரச் சொல்லுவாங்க?”

அன்புச்செல்வி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். விசும்பிக்கொண்டே என்ன நடந்தது என்று சொன்னாள். ஒரு நம்பருக்கு ஒரு குடும்பம் என்று மெஷினுக்குச் சொன்னது தான்தான் என்றாள். ஒரு நம்பரில் இரண்டு வரிக்கு மேல் வந்தால் நிறுத்தி என்னைக் கேள் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும் என்றாள். அதை யார் புரிந்துகொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

சுலோச்சனாதான் சிரித்தாள். “நாமெல்லாம் ஒரே குடும்பம் ஒரே குடும்பம்னு சொல்லிக்கினு இருந்தமே, அந்த மெஷினு நம்பிடுச்சு பாரேன்!” என்று சொல்லிவிட்டு, இவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். “அழுவாத. நீ போட்ட கணக்குதான, நீயே சரி பண்ணிடுவ. நாங்க எங்க ஓடியா பூடப் போறோம்?”

எல்லோரும் அதை நம்பினார்கள். ஏஞ்சல் கூட நம்பினாள். இவளும் நம்பினாள், பாவம்.

அன்றைக்கே ஆபீசுக்குப் போய் நம்பரோடு வீட்டில் இருக்கிற எல்லோருடைய பெயரையும் வயதையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி புரோகிராமைத் திருத்தி, புதுப் பட்டியலை எடுத்துவிட்டாள். பதினோரு குடும்பமும் அதில் பத்திரமாக இருந்தது. அதைச் செந்தில்குமாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் பார்க்கக் கூட இல்லை. பட்டியல் கையெழுத்தாகி மேலே போய்விட்டது, இப்போது தப்பு என்று சொன்னால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான் என்றான். “கோடு எழுதுனது நீ. அத நீயே வெளிய போய்ச் சொல்லிக்காத” என்று அவளுக்கே புத்தி சொன்னான். மறுநாள் அவளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டான். படுபாவி, நன்றாக இருக்கட்டும்.

அவள் விடவில்லை. லீவு போட்டுவிட்டு அந்த அதிகாரி, இந்த அதிகாரி என்று அலைந்தாள். விடுபட்டவர்கள் ஆன்லைனில் மனு போடலாம் என்றார்கள். சரி என்று என் கடைக்கு வந்தாள். சுலோச்சனா பெயரில் முதலில் போட்டோம். கணக்கெடுப்பில் கொடுத்த போன் நம்பரைக் கேட்டது. கொடுத்தோம். இந்த எண்ணுக்குரிய குடும்பத்துக்கு ஏற்கெனவே வீடு ஒதுக்கப்பட்டுவிட்டது என்று சிவப்பில் வந்தது. மரியசெல்வம் பெயரில் போட்டோம், அதே சிவப்பு. வேறு நம்பர் கொடுத்தால், இந்த எண் கணக்கெடுப்பில் இல்லை என்றது. பத்துக் குடும்பத்துக்கும் போட்டுப் பார்த்தோம். நான் கீபோர்டைத் தூக்கி அடித்தேன். அதற்கு என்ன தெரியும் பாவம், அது என் கீபோர்ட்.

உதவி கவுண்டரில் ஒரு அம்மாள் கொஞ்சம் இரக்கப்பட்டுப் பேசினாராம். கணக்கெடுப்பில் பதிந்த போன் நம்பரை மாற்ற வழியில்லை என்றாராம். ஆனால் அந்த நம்பரில் வீடு கிடைத்தவர்கள் தங்களுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் நம்பர் விடுபடும், அதில் ஒரு மனு போகும் என்றாராம்.

“ஒண்ணுதானா?” என்று இவள் கேட்டிருக்கிறாள்.

“ஒரு நம்பருக்கு ஒண்ணுதாம்மா” என்றாராம் அவர்.

இதை இவள் சந்தில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னாள். தனபாக்கியம் சத்தம் போட்டது என் கடை வரைக்கும் கேட்டது.

“இருவது வருசமா பொதுக் கக்கூஸ் வாசல்ல வாளியத் தூக்கிக்கினு நின்னவடி நான்! உள்ள தாப்பா போட்டுக்குற மாதிரி ஒரு கதவு, அது ஒண்ணுதான கேட்டேன் சாமிகிட்ட? அதக் குடுத்துட்டு இப்ப புடுங்கச் சொல்றியா?”

மகள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் பேசியிருப்பாள். இரண்டு பேரும் பல நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் தனபாக்கியம் தானாகவே எழுந்து, வேலைக்குப் போகாமல் மகளோடு என் கடைக்கு வந்தாள்.

“அந்தாளத் தூக்கிக்கினு சுலோச்சனா எங்க போய் வாடகைக்குக் கேப்பா பாய்? படுத்த படுக்கையா கீறவனுக்கு எவன் வீடு குடுப்பான்?” என்றாள். “எங்க போடணும் கையெழுத்து?”

“யம்மா, நல்லா யோசிச்சியா? உனுக்கும் ஒரு பொண்ணு கீது” என்றேன்.

“யோசிச்சா போட மாட்டேன். சீக்கிரம் காட்டு” என்றாள். கையெழுத்தின் பாதியில் பேனாவைத் தூக்கிவிட்டு, மூச்சை இழுத்து, மீதியைப் போட்டாள். நான் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். போன வாரம் வரை அவ்வளவு சாமர்த்தியமாக எங்களைத் தடுத்த அந்த மெஷின், இதை மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டது.

சுலோச்சனாவைக் கூப்பிட்டு மனு போட்டோம். இந்தத் தடவை பச்சையில் வந்தது. தனபாக்கியம் விட்டுக்கொடுத்தது சுலோச்சனாவுக்கு அப்போது தெரியாது. அன்புச்செல்வி சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மனு ஏறிவிட்டது என்றதும் சுலோச்சனா சந்தோஷமாகக் கேட்டாள், “அப்ப நாளைக்கி மரியசெல்வத்துக்கா?”

“பாக்கலாங்க்கா” என்றாள் இவள்.

என்ன பார்க்கிறது? அதை எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண்ணை அப்போதே தடுத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. பேசியிருந்தாலும் வேறு வழி என்று ஒன்றும் என் கையில் இல்லை.

சித்திரை பிறந்ததும் சுலோச்சனா பெயருக்கு ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தது. தரைத்தளம். முனியனை வெளியே தூக்கிக்கொண்டு வர வசதி. வந்த அன்றே சந்துக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நம்பர் விடுபட்டது எப்படி, யார் விட்டுக்கொடுத்தது, ஒரு மனு மட்டும்தான் போகும் என்று இவளுக்கு முன்பே தெரியும் என்பது வரைக்கும். மரியசெல்வம் என்னிடம் கேட்டான், நான் பொய் சொல்லவில்லை. மற்ற ஒன்பது குடும்பமும் அன்புச்செல்வியோடு பேசுவதை நிறுத்தியது. சாயங்காலம் படியில் உட்கார்ந்து யாருக்காவது செய்தி வந்திருக்கிறது என்று கத்தினால், காது கேட்காத மாதிரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சுலோச்சனா தனபாக்கியத்தின் வாசலில் போய் நின்று, வீடு வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று அழுதாளாம். தனபாக்கியம் கதவைத் திறக்காமலே, “குடுத்தா எனுக்கா வரப் போவுது? போய் உன் புருசனப் பாரு” என்றாளாம். இருபது வருஷச் சிநேகிதம் அந்தக் கதவோடு நின்றது.

இடிக்க வந்த நாள் நல்ல வெயில். இரண்டு ஜேசிபி, ஒரு வேன் நிறைய போலீஸ். வீடு கிடைத்தவர்களின் சாமானை ஏற்ற லாரி கொடுத்திருந்தார்கள். எங்கள் சந்துக்கு ஒரே ஒரு மினி லாரி. மற்ற சந்துகளிலும் நிறையப் பேர் விடுபட்டிருந்தார்கள், அங்கே டீக்கடைக்காரன் நம்பரும் மளிகைக்கடைக்காரன் நம்பரும் கொடுத்திருந்தார்களாம். அவர்கள் யாரைப் போய்த் திட்டுவது என்று தெரியாமல் ஆகாயத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சந்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை. திட்டுவதற்கு ஆள் முன்னாலேயே நின்றாள்.

முனியனைத் தூக்கி லாரியில் ஏற்றியது நானும் அன்புச்செல்வியும் டிரைவரும்தான். போன மழைக்குக் கதவைத் தூக்கிய மரியசெல்வம் ஐந்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான், கை கொடுக்க வரவில்லை. அவன் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் ரோட்டோரம் குவிந்திருந்தது. ஏஞ்சலின் அம்மா பாலவாக்கத்தில் கடலோரம் ஒரே அறையில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகளோடு இவர்கள் நான்கு பேரும் அங்கேதான் போக வேண்டும்.

சுலோச்சனா புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு யாரையும் பார்க்கவில்லை. ஜேசிபி தனபாக்கியத்தின் வீட்டில் கை வைத்தது. முதல் வீடு.

அப்போதுதான் ஏஞ்சல் குழந்தையோடு நேராக அன்புச்செல்வி முன்னால் வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

“உன் மேல மொதல்ல எனுக்குக் கோவமே இல்ல அன்பு. மெஷின் தப்பு, அன்பு இன்னா பண்ணும்னு எங்க ஊட்டுக்காரருகிட்ட சண்டகூட போட்டேன். அந்த மெஷினு ஒண்ண வச்சிக்கினு மிச்சத்தத் தூக்கிப் போட்டுச்சு. அப்றம் நீ இன்னா பண்ண? நீயும் ஒண்ண வச்சிக்கினு மிச்சத்தத் தூக்கிப் போட்ட. ஒரு சீட்டு எழுதிக் குலுக்கியிருக்கலாம் இல்ல? எல்லாரையும் கூப்டு, ஒண்ணுதான் கீது, யாருக்குன்னு கேட்டிருந்தா, நாங்களே முனியன் மாமாவுக்குக் குடுன்னு சொல்லியிருப்போம். எங்கள ஒரு வார்த்த கேக்கல நீ. அந்த மெஷினாவது மொதல்ல யாரு வந்தாங்கன்னு பாத்துச்சு. நீ உனுக்கு யாரு வேணும்னு பாத்த.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சொந்த வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்கிறவளைப் பார்த்து இப்படியா பேசுவது? ஏஞ்சலை நாலு கேள்வி கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

அன்புச்செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “உடுங்க பாய்” என்றாள். “அக்கா கரீட்டாத்தான் சொல்லுது.”

லாரியில் சுலோச்சனா முகத்திலிருந்து முந்தானையை எடுக்கவே இல்லை. டிரைவர் வண்டியை எடுத்தான். ஏஞ்சல் குழந்தையை அந்தப் பக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தன் சாமானிடம் போனாள். அன்புச்செல்வி அவள் பின்னாலேயே போய் ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுக்கக் குனிந்தாள். ஏஞ்சல் அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தானே தூக்கிக்கொண்டாள்.